பல்சர் சுழல்கிறது என்பதை எவ்வாறு உறுதிசெய்தார்கள்?

உயர்தர மாணவி, வெள்ளவத்தை:
பல்சர் என்பது வெளிச்சவீட்டைப் போலச் சுழலும் நியூத்திரன் விண்மீன் என்று படித்தேன். ஆனால் தொலைநோக்கிக்குக் கிடைப்பது ஒழுங்கான துடிப்பு மட்டுந்தானே? ஒரு விண்மீன் சுழலாமல், சுருங்கி விரிந்துகொண்டிருந்தாலும் அதே துடிப்பு கிடைக்கும் அல்லவா? இவ்விரண்டில் எது சரியென்று எப்படித் தீர்மானித்தார்கள்?

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், கொட்டாஞ்சேனை:
பிள்ளை, கண்டுபிடித்தவர்களுக்கும் இதே ஐயம் இருந்தது. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், வானொலித் தொலைநோக்கியின் பதிவுத்தாள்களில் சிறு கிறுக்கல் போன்ற ஒரு சமிக்ஞையைக் கவனித்தார். அது விண்மீன்களைப் போலவே நாள்தோறும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்தி வந்தபடியால், மனிதரால் எழும் இடையூறாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பது தெரிந்தது. நவம்பர் இறுதியில் தாளை வேகமாக ஓடவிட்டபோது, 1.337 செக்கனுக்கு ஒருமுறை துடிப்பு வருவது புலப்பட்டது. 1968 பெப்ரவரியில் வெளியான கட்டுரை, வெண்குள்ள விண்மீன் (எரிபொருள் தீர்ந்து ஏறத்தாழ பூமியளவுக்குச் சுருங்கிய விண்மீன்) அல்லது நியூத்திரன் விண்மீன் ஒன்றின் அதிர்வாக இது இருக்கலாம் என்றே கூறியது. சுழற்சி என்ற விளக்கத்தை அதே ஆண்டில் தோமஸ் கோல்ட் முன்வைத்தார்.

தீர்ப்பைத் தந்தது, விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறியதால் உண்டான வாயுமுகிலான நண்டு நெபுலா. 1968 இறுதியில் அதில் கண்டறியப்பட்ட பல்சர் செக்கனுக்கு ஏறத்தாழ 30 முறை துடித்தது. வெண்குள்ள விண்மீன் அவ்வளவு விரைவாக அதிரவும் முடியாது, சிதறாமல் சுழலவும் முடியாது. சூரியனைவிடக் கூடிய திணிவை ஏறத்தாழ 20 கிலோமீற்றர் விட்டத்துக்குள் அடக்கிய நியூத்திரன் விண்மீனோ, அதிர்ந்தால் மில்லிசெக்கன் கணக்கில்தான் அதிரும். 1.337 செக்கனையும் 0.033 செக்கனையும் ஒருங்கே விளக்குவது நியூத்திரன் விண்மீனின் சுழற்சி ஒன்றே. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: நடுக்கோட்டில் ஈர்ப்பு ஆர்முடுகலை மையநாட்ட ஆர்முடுகலுக்குச் சமப்படுத்தினால் ஆரை நீங்கிவிடும், 0.033 செக்கனில் சுழலும் பொருள் சிதறாதிருக்க, அதன் அடர்த்தி கனமீற்றருக்கு நூறு இலட்சம் கோடி கிலோகிராமுக்கு மேல் இருக்கவேண்டும் என்று விடை வரும்.

பல்கலைக்கழக மாணவர், பம்பலப்பிட்டி:
ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். எனக்கு இதுவே வலிமையான சான்றாகப் படுகிறது. நண்டுப் பல்சரின் ஆவர்த்தன காலம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 நனோசெக்கன் கூடிவருகிறது. சுழற்சி இவ்வாறு தளரும் என்று கோல்ட் முன்கூட்டியே கூறியிருந்தார். அப்படி இழக்கப்படும் சுழற்சிச் சக்தி, அந்த நெபுலா இன்றும் ஒளிர்வதற்குத் தேவையான சக்தியோடு ஒத்துப்போகிறது. 1974ஆம் ஆண்டு நோபல் பரிசு, பெல்லின் வழிகாட்டியான அன்ரனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் றைலுக்கும் கிடைத்தது. அந்தக் கிறுக்கலைப் புறக்கணிக்காமல் பின்தொடர்ந்த பெல்லின் பெயர் விடுபட்டதை அநீதி என்றே கருதுகிறேன்.

உயர்தர மாணவி, வெள்ளவத்தை:
மிக்க நன்றி, ஐயா; நன்றி, அண்ணா. அப்படியானால் மெதுவாகச் சுழலும் பல்சர்கள் எல்லாம் வயதானவையா?

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், கொட்டாஞ்சேனை:
பெரும்பாலும் ஆம். ஆனால் விரைவாகச் சுழல்வதெல்லாம் இளையது என்று கொள்ளவேண்டாம். 1982இல் கண்டறியப்பட்ட ஒரு பல்சர் செக்கனுக்கு ஏறத்தாழ 642 முறை சுழல்கிறது. அது மிக முதியது. துணை விண்மீன் ஒன்றிலிருந்து அதன்மீது விழுந்த வாயுவே அதன் சுழற்சியை மீண்டும் விரைவுபடுத்தியது என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.