சிங்கப்பூரில் நண்பருடன் பீகாக் பாஸ் மீன் பிடிக்க எப்படித் தயாராவது?

கேட்டவர்: கோபிச்செட்டிபாளையம்

வணக்கம். கொடிவேரி வாய்க்கால்களிலும் பவானிசாகர் கரையிலும் மண்புழு கோத்து, தக்கையைப் பார்த்துக்கொண்டே ஜிலேபியும் கெண்டையும் பிடித்துப் பழகியவன் நான். சிங்கப்பூரில் பணியாற்றும் என் பள்ளித் தோழர், அங்குள்ள நீர்த்தேக்கத்தில் பீகாக் பாஸ் பிடிக்க அடுத்த மாதம் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார். எந்த இரை, எந்த நேரம், நம் ஊர்ப் பழக்கத்தில் எதை விட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: சூலூர்

மண்புழுவை ஊரிலேயே விட்டுவிடுங்கள், நண்பரே. சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி உண்டு. அதுவும் அறிவிப்புப் பலகை வைத்து ஒதுக்கிய பகுதிகளில்தான். லோயர் செலெத்தார், மெக்ரிட்சி, பிடோக் ஆகிய மூன்றிலும் அத்தகைய இடங்கள் உள்ளன.

பெயரில் பாஸ் இருந்தாலும் இது தென்னமெரிக்காவிலிருந்து வந்த, நம் ஜிலேபியின் குடும்பத்தைச் சேர்ந்த மீன். வாலடியில் மயில் இறகுக் கண் போன்ற வட்டம் இருக்கும். கண்ணால் பார்த்து வேட்டையாடுவதால் பகலில்தான் இரை எடுக்கும். கெளுத்திக்குக் காத்திருப்பதுபோல் இருட்டிய பின் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. மூழ்கிய மரம், கரையோரப் புல், பாலத்தூண் ஆகியவற்றின் ஓரமாக லூரை, அதாவது செயற்கை இரையை, எறிந்து, விட்டுவிட்டுச் சுண்டி இழுங்கள்.

இருவராகச் செல்வதில் ஒரு பெரிய நன்மை உண்டு. ஒரு மீன் முள்ளில் மாட்டித் திமிறும்போது, அதன் வாயிலுள்ள இரையைப் பறிக்கக் கூட்டத்து மீன்கள் பின்னாலேயே வருவதுண்டு. அந்தச் சில நொடிகளில் உங்கள் தோழர் தூண்டில் நரம்புகள் ஒன்றோடொன்று சிக்காத தூரத்தில், மாட்டிய மீனுக்குச் சற்றுப் பின்னால் எறிந்தால், இரண்டாவது மீனும் பாய வாய்ப்பு அதிகம். ஆகவே ஒருவர் மீனை இழுக்கும்போது மற்றவர் கைப்பேசியை எடுக்காமல் தூண்டிலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

மறுமொழி: பவானி

சூலூர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் குளத்து விராலைப்போலவே, பீகாக் பாஸிலும் தாயும் தந்தையும் குஞ்சுகளைக் காவல் காக்கும். குஞ்சுக் கூட்டத்தின் நடுவே லூர் விழுந்தால், பசியில்லாவிட்டாலும் அதை விரட்டிக் கடிக்கும். அப்படிப் பிடிப்பது எளிது. ஆனால் பெற்றவை அகன்ற கணமே மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். அத்தகைய இடத்தைக் கண்டால் தள்ளிச் செல்லுங்கள்.

கேட்டவர்: கோபிச்செட்டிபாளையம்

இருவருக்கும் நன்றி. அலங்கார மீன் கடையில் இதன் குஞ்சு கிடைத்தால், வாங்கி வந்து நம் குளத்தில் விட்டு வளர்க்கலாமா என்று என் தம்பி கேட்கிறான்.

மறுமொழி: சூலூர்

தயவுசெய்து வேண்டாம். பனாமாவின் காட்டூன் ஏரிக்குள் 1967 வாக்கில் இது புகுந்த பின், அங்கிருந்த சிறு மீன்களில் பல சில ஆண்டுகளிலேயே அற்றுப்போயின. 1973-இல் வெளியான ஆய்வு அதைப் பதிவு செய்திருக்கிறது. குளிர் நீரில்தான் இது பிழைக்காது. நம் நீரோ ஆண்டு முழுவதும் இதற்கு ஏற்ற வெப்பத்தில் இருக்கிறது. குளம் நிரம்பி வழிந்தால் வாய்க்கால், வாய்க்கால் வழியே பவானி. காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹ்சீர் என்ற மீன் மோயாற்றில் எஞ்சியிருக்கிறது. அது 2018 முதல் மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அந்த மோயாறு கலப்பதும் பவானிசாகரில்தான். பீகாக் பாஸை அந்த மஹ்சீரின் குஞ்சுகள் திரியும் நீருக்கு நாம் கொண்டுவரக் கூடாது. உங்கள் தம்பியிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள்.