மறு: ‘பிலே’வுக்கு என்ன போடலாம்?

குழுவினருக்கு வணக்கம். நம் பாறையேற்றக் கலைச்சொல் பட்டியலில் ‘பிலே’ (belay) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு ஒருவர் எழுதியது:

> ‘பாதுகாப்புக் கயிற்று முறைமை’ என்று போட்டால் எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் சொல்லி முடிப்பதற்குள் மேலே தொங்குகிறவர் தரைக்கு வந்துவிடுவார். தலைக்கவசமும் பாதுகாப்புதான், இடுப்புக்கச்சையும் பாதுகாப்புதான். பிலே என்பது பாறையேற்றத்தில் ஒரு தனி வேலை. ஏறுபவரின் இடுப்பிலிருந்து வரும் கயிறு, கீழே நிற்பவரின் கச்சையில் மாட்டிய உராய்வுக் கருவிக்குள் நுழைந்து போகிறது. அவர் மேலே போகப் போகக் கயிறு கொடுக்க வேண்டும், தேவைக்குமேல் தொங்கினால் இழுத்துக்கொள்ள வேண்டும், கால் வழுக்கினால் அந்த நொடியே கயிறு ஓடாமல் நிறுத்தி ஆளின் எடையைத் தாங்க வேண்டும். கருவி எதுவானாலும் கயிற்றைப் பிடித்த கை விலகவே கூடாது.

‘கயிற்றுக்காவலர்’ என்ற சொல்லும் வந்தது. காவலர் என்றதும் எனக்கு ஹெல்மெட் அபராதம்தான் நினைவுக்கு வருகிறது. நீலகிரிச் சரிவுகளில் குறும்பர்கள் பாறைத்தேன் எடுக்க இறங்கும்போது கயிற்றைக் காக்க மச்சானை நிறுத்துவார்கள் என்று சொல்வதுண்டு. கை நழுவினால் தாலி இழப்பது அவருடைய அக்காவோ தங்கையோதானே! அதனால் ‘மச்சான்’ என்றே வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ரசித்தேன், ஆனால் இயந்திரத்தை என்ன செய்வது? 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முறையாகச் சேர்ந்தது. அதில் வேக ஏற்றத்துக்குக் கயிற்றைப் பிடித்தது ஆளில்லை, தானியங்கிக் கருவி. சொல் ஆளுக்கும் பொருந்த வேண்டும், கருவிக்கும் பொருந்த வேண்டும்.

என் பரிந்துரை: கயிற்றுத்தாங்கல். வினை ‘தாங்கு’. அதிலிருந்து தாங்குநர், தாங்குகருவி, தானியங்கித் தாங்கல் எல்லாம் இழுக்காமல் வருகின்றன. செங்கல்பட்டுப் பக்கம் தாங்கல் என்றால் ஏரி, மனத்தாங்கல் வேறு இருக்கிறது. முன்னால் ‘கயிறு’ நிற்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

— கோவையிலிருந்து

---

அண்ணா, கயிற்றுத்தாங்கல் எனக்கும் சரிங்க. அடுத்து ஏறும்போது கத்தும் சொற்களையும் பட்டியலில் சேர்க்கப் போவதாகச் சொன்னீர்கள். அங்கேதான் பயமாக இருக்கிறது.

கயிறு கொடு என்பதற்கு ‘விடு’ மட்டும் வேண்டாமுங்க. புதிதாகப் பிடிப்பவர் கையையே எடுத்துவிட்டால்? அப்புறம், கயிற்றை இழுத்துப் பிடி என்பதற்கு ‘இறுக்கு’, ஆளைக் கீழே கொண்டுவா என்பதற்கு ‘இறக்கு’ என்று வரைவில் பார்த்தேன். ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆடி மாதம் இங்கே ஒரு கரட்டின்மேல் நின்று இரண்டையும் கத்திப் பாருங்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கீழே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். ஒன்று நிறுத்தச் சொல்வது, மற்றது இறக்கச் சொல்வது.

பசங்க இப்போது ‘டைட்’, ‘லூஸ்’ என்றுதான் கத்துகிறார்கள். அவை இரண்டும் அப்படியே இருக்கட்டும். ‘இறக்கு’ மட்டும் தமிழில் வைத்தால் போதும், அதோடு மோத வேறு சொல் இருக்காது.

— பொள்ளாச்சியிலிருந்து