மித்ராஸ் கோயிலை உடைத்தது யார்?

வடக்குவாசி:
போன வாரம் வட இங்கிலாந்தில் ரோமர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டி நடந்து கேரப்ரஃப் கோட்டைக்குப் போனேன். கோட்டைக்குக் கீழே சதுப்பில், ரோமப் படைவீரர்கள் கும்பிட்ட மித்ராஸ் சாமிக்கு ஒரு கோயில். இருபது பேர் உட்கார்ந்தாலே மூச்சு முட்டும். 1949 கோடையில் மழை பொய்த்து மண் காய்ந்து இறங்க, பலிபீடங்களின் தலை வெளியே தெரிந்ததாம். மறு வருஷம் தொல்லியலாளர்கள் ரிச்மண்டும் கில்லமும் தோண்டினார்கள். மித்ராஸ் காளையைக் குத்தும் சிற்பம்தான் அங்கே மூலவர். அதில் மிஞ்சியது ஒரு துண்டு. என் கணக்கில் இது கிறிஸ்தவர்கள் செய்த வேலை. மறுப்பவர்கள் வரலாம்.

கல்வெட்டுக்கிறுக்கன்:
வந்துவிட்டேன். மூன்று பலிபீடங்கள் வைத்த இடத்திலேயே முழுசாக நின்றனவே, அது எப்படி? மூன்றும் ரோமப் படையின் பத்தாவியப் பிரிவுத் தளபதிகள் மித்ராஸுக்கு வைத்தவை. சாமியை வெறுத்தவன் சாமி பேரை விட்டுவைப்பானா? (அதில் ஒருவர் அவுலுஸ் க்ளுவென்டியுஸ் ஹாபிடுஸ், ஊர் இத்தாலியில் உள்ள லாரினும். கிமு 66இல் ரோமப் பேச்சாளர் சிசரோ கொலை வழக்கில் வாதாடியது இதே பெயர், இதே ஊர்க்காரருக்குத்தான். நடுவே முந்நூறு வருஷம்!)

வடக்குவாசி:
சுத்தியல் தேடுவது முகத்தை, எழுத்தை அல்ல. தீப்பந்தம் ஏந்திய துணைச்சிலை ஒன்றுக்குத் தலையே இல்லை. அப்புறம், மித்ராஸ் சடங்கில் ரொட்டியும் தண்ணீரும் வைப்பது கிறிஸ்தவர்களின் நற்கருணைச் சடங்கைப் பார்த்துப் பேய்கள் அடித்த காப்பி என்று 2ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எழுதிவிட்டார். இந்தச் சாமிமேல் தனிக் கோபம் இருந்தது.

கல்வெட்டுக்கிறுக்கன்:
முகமா? ஒரு பலிபீடத்தில் மித்ராஸின் முகமே இருக்கிறதே. தலையைச் சுற்றியுள்ள கதிர்களைத் துளைத்திருக்கிறார்கள். பின்னால் விளக்கு வைத்தால் இருட்டில் கிரீடம் மட்டும் ஒளிரும். நியூகாஸில் ஹான்காக் அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள். அதை ஏன் தொடவில்லை?

நத்தை:
குறுக்கே வருகிறேன். வெள்ளம் அடித்துப் போயிருக்காதா?

கல்வெட்டுக்கிறுக்கன்:
கல்லைத் துண்டாக்கும் வெள்ளம் பலிபீடத்தைச் சுற்றிக்கொண்டு போகாது, நத்தை.
இன்னொன்று. கோயிலுக்குப் பக்கத்திலேயே கொவென்டினா என்ற நீர்த்தேவதையின் கிணறு. 1876இல் பழம்பொருள் ஆர்வலர் க்ளேட்டன் தோண்டியபோது 13,000க்கு மேல் நாணயங்கள். ரோமப் பேரரசர் கிரேஷியன் காலம் வரை, அதாவது 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காசு விழுந்திருக்கிறது. மித்ராஸ் கோயிலோ அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முடிந்த கதை. கோயிலை நொறுக்கியவர்கள் பக்கத்துக் கிணற்றை மட்டும் விட்டார்களா?

வடக்குவாசி:
கிணறு கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஊர்ச்சாமி, யாரும் காசு போடலாம். இது ஆண்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கும்பிட்ட இடம். புதுத் தளபதிக்குப் பிடிக்கவில்லை என்றால் அன்றோடு சரி.

கல்வெட்டுக்கிறுக்கன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! தளபதி மாறினார், கோயில் கைவிடப்பட்டது. இதில் கிறிஸ்தவர் எங்கே வந்தார்?

வடக்குவாசி:
கைவிட்டவன் கதவைச் சாத்திவிட்டுப் போவான். காளையை ஏன் உடைத்தான்?

கல்வெட்டுக்கிறுக்கன்:
அங்கேதான் எனக்கும் உதைக்கிறது. கல்லுக்காக என்றால் பலிபீடங்கள் முதலில் போயிருக்கும். ஆனாலும் உடைத்தவன் மதம் கல்லில் எழுதியில்லை.

நத்தை:
அங்கே இப்போது நிற்பது நகல் பலிபீடம்தானே? அதன்மேலும் சில்லறை வைக்கிறார்களாமே?

வடக்குவாசி:
ஆமாம். நானே ஒரு பத்து பென்ஸ் வைத்தேன்.