புதுப்பிப்பு: கடைசியில் எந்த டூ ஸ்ட்ரோக் பைக் எடுத்தேன்

யமஹா ஒய்இசட்250எக்ஸ், கேடிஎம் 300 இஎக்ஸ்சி, பீட்டா 300 ஆர்ஆர், காடுமேடு ஓட்ட இந்த மூன்று பைக்கில் எதை வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் யமஹா என்றீர்கள். நண்பரின் யமஹாவை ஓட்டிப் பார்க்கும் வரை எனக்கும் அதே எண்ணம்தான்.

சஸ்பென்ஷன் பற்றிப் பேச்சே இல்லை, அருமை. ஆனால் ஈரமான மேட்டில், வேர்களுக்கு நடுவே, கிளட்சைத் தாமதமாகப் பிடித்து வண்டியை அணைத்துவிட்டேன். அதில் கிக்கர் மட்டும்தான். ஒரு கால் தரையில் எட்டாமல், பிரேக்கையும் விடமுடியாமல் ஆறு முறை உதைத்தேன். அங்கேயே முடிவாகிவிட்டது, செல்ஃப் ஸ்டார்ட் இல்லாமல் சரிப்படாது என்று.

கேடிஎம் 2024 மாடலில் கார்புரேட்டர் இல்லை, த்ராட்டில் பாடியிலேயே (எஞ்சினுக்குக் காற்று போகும் வழி) பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். மலை ஏறினாலும் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் சின்னத் துளை) மாற்றும் வேலை இல்லை. சுகம்தான், ஆனால் காட்டுக்குள் சென்சார் மக்கர் செய்தால் என் ஸ்பேனரால் என்ன செய்ய முடியும்?

ஆகவே செல்ஃப் ஸ்டார்ட் உள்ள பீட்டா. கார்புரேட்டர்தான், அதைக் கழற்றி மாட்ட எனக்குத் தெரியும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர வேண்டிய ஆயிலும் தனித் தொட்டியிலிருந்து தானே கலந்துகொள்ளும். யமஹாவுக்கு மாதிரி 10 லிட்டர் பெட்ரோலுக்கு 333 மில்லி ஆயில் அளந்து ஊற்ற வேண்டாம்.

சீட் உயரம்தான் இன்னும் தொல்லை. அப்புறம், ஃபோமை வெட்டிக் குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?