24 பிக்சலில் நாற்று ஐகான் கோரை மாதிரி தெரிகிறது, எப்படி வரைவது?

பாமணியாறு (மன்னார்குடி):
எங்கள் ஊர் வாய்க்கால் முறைப்பாசனத்துக்கு ஒரு சின்னச் செயலி செய்கிறேன். பயன்படுத்தப் போகிறவர்களில் பாதிப் பேர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள், அதனால் படம்தான் பேச வேண்டும். நாற்று, நடவு, கதிர், அறுவடை, மடை என ஐந்து ஐகான். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் நாற்றை ஏழு நெல்தாளோடு வரைந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் அழகாக இருக்கிறது. 24 பிக்சலுக்குச் சுருக்கினால் ஒரே பச்சைத் திட்டு, விளிம்பும் மங்கல். சித்தப்பாவிடம் காட்டினேன். "கோரையாடா இது?" என்றார். நீங்களெல்லாம் எப்படி ஆரம்பிப்பீர்கள்?

புள்ளிக்கோலம் (கும்பகோணம்):
தம்பி, பெரிதாக வரைந்து சுருக்கியதுதான் சிக்கல். நானும் மூன்று வருடம் அப்படித்தான் செய்தேன். இப்போது கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்துவிடுவேன். 1984-ல் வந்த மேக்கிண்டாஷுக்கு ஐகான் வரைந்த சூசன் கேர்கூட முதலில் கிராஃப் நோட்டில் 32-க்கு 32 கட்டம் பிரித்து நிரப்பித்தான் பார்த்தார். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது புதிதே இல்லை. புள்ளி எத்தனை என்று தெரியாமல் யாரும் இழை இழுப்பதில்லை.

24-க்கு 24 கட்டம் போட்டு, சுற்றிலும் 2 கட்டம் விடுங்கள். நடுவில் 20 மிஞ்சும். கோட்டுக்கு 2, இடைவெளிக்கு 2. எண்ணிப் பாருங்கள்: ஐந்து கோடும் நான்கு இடைவெளியும் சேர்ந்தாலே 18 ஆகிவிடும். ஆறாவது கோட்டுக்கு இடம் கிடையாது. உங்கள் ஏழு தாளும் ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

மூன்று தாள் போதும். ஆனால் தாளைக் குறைத்தால் மட்டும் அது நாற்றாகிவிடாது. நாற்றங்காலில் பறித்து, வேர் மண்ணை அலசி, முடி (சின்னக் கட்டு) கட்டி வரப்பில் போட்டிருப்பார்களே, அதை வரையுங்கள். மேலே விரிந்த மூன்று தாள், இடுப்பில் குறுக்கே ஒரு கட்டு, கீழே குட்டையாக வேர். களையை யாரும் முடி கட்டுவதில்லை. அந்த ஒரு குறுக்குக் கோடு சித்தப்பாவுக்குப் போதும்.

மங்கலுக்கு: கட்டத்தின் விளிம்பிலிருந்து பிக்சலில் எண்ணும்போது, 2 பிக்சல் கோடு என்றால் அதன் நடு முழு எண்ணில் விழ வேண்டும், 1 பிக்சல் என்றால் அரையில், அதாவது 5.5 மாதிரி. இல்லாவிட்டால் கோடு பக்கத்துப் பிக்சலிலும் பாதி ஏறி வெளிறிவிடும்.

ஒடியோலை (சுவாமிமலை):
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சிலை வேலை. மெழுகைத் தொடுவதற்கு முன்பே தென்னை ஓலையை மடித்து அளவு எடுத்துக்கொள்வார்கள். முகம், மார்பு, கால் எல்லாம் அந்த மடிப்பிலிருந்துதான் வரும். நான் ஐகான் வரையும்போதும் முதலில் அந்த ஓலையைச் செய்கிறேன்: கோட்டின் தடிமன், மூலை வளைவு, தரை மட்டம். இதைப் பூட்டிய பிறகுதான் முதல் படம். அப்புறம், வட்டமும் சதுரமும் ஒரே அளவில் இருந்தால் வட்டம் சின்னதாகத் தெரியும். சதுரம் 18 என்றால் வட்டத்துக்கு 20 கொடுங்கள்.

பாமணியாறு:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. நேற்று நோட்டில் வரைந்து, மாற்றிப் போட்டு, மத்தியானம் வரப்பில் வைத்தே காட்டினேன். சித்தப்பா போனைக் கையில் வாங்கவே இல்லை, எட்டிப் பார்த்து "நாத்து முடி" என்றார். மடைதான் இன்னும் சரியாக வரவில்லை. திறந்தால் பச்சை, மூடினால் சிவப்பு என்று வைத்தேன். வெயிலில் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

புள்ளிக்கோலம்:
நிறத்தை நம்பாதீர்கள். மூடியதற்கு, பலகை தரைக்கோட்டைத் தொடட்டும், தண்ணீர் அலை இடப்பக்கம் மட்டும். திறந்ததற்கு, பலகையை 6 கட்டம் தூக்கி, அலையை அடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓட விடுங்கள். 2 கட்டம் தூக்கினால் அலைக்கோடே அந்த இடத்தை அடைத்துவிடும்.