மத்தேயு 2:15-ல் வரும் ஓசியா வசனம் மேசியாவைப் பற்றியதுதானா? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

அஸ்தம்பட்டி டீச்சர்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சேலத்தில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், பத்தாவது பதினொன்றாவது படிக்கிறவர்கள். கிறிஸ்துமஸ் வரைக்கும் தீர்க்கதரிசனங்களைப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தோம். மீகா 5:2 பெத்லகேம், சகரியா 9:9 கழுதைக்குட்டி, இதெல்லாம் தடங்கல் இல்லாமல் போனது. அப்புறம் யோசேப்பும் மரியாளும் குழந்தையோடு எகிப்துக்கு ஓடுகிற பகுதி வந்தது. "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்று தீர்க்கதரிசி சொன்னது நிறைவேறியது என்கிறார் மத்தேயு. ஒரு பையன் உடனே ஓசியா 11-ஐத் திருப்பிப் படித்துவிட்டு, "டீச்சர், இது வரப்போகிறதைப் பற்றியே பேசலையே, மோசே காலத்தில் நடந்து முடிஞ்சதைத்தானே சொல்லுது? அடுத்த வசனத்திலேயே அந்த ஜனங்கள் பாகால்களுக்குப் பலியிட்டாங்கன்னு இருக்கு, அது எப்படி இயேசு ஆகும்?" என்று கேட்டான். குதர்க்கமாகக் கேட்கிற பிள்ளை இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறான். "விசுவாசித்தால் புரியும்" என்று சொல்லி அவனை உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?

சூரமங்கலம் வாசகன்:
சகோதரி, அந்தப் பையன் சொன்னது சரி. ஓசியா 11:1 நடந்ததைத்தான் சொல்கிறது. அதை முதலில் அவனிடம் ஒத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மத்தேயுவுக்கும் அது நன்றாகத் தெரியும். யூத வேதத்தில் ஊறிய மனிதர் அவர், முதல் வசனத்தை எடுத்துவிட்டு இரண்டாம் வசனத்தைப் பார்க்காமல் விட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

யாத்திராகமம் 4:22-ல் கர்த்தர் பார்வோனுக்குச் சொல்லி அனுப்புவது, இஸ்ரவேல் என் குமாரன், என் சேஷ்டபுத்திரன் (மூத்த மகன்) என்பது. அந்தக் குமாரன் எகிப்தைவிட்டு வந்தான், தண்ணீரைக் கடந்தான், வனாந்தரத்தில் 40 வருஷம் சோதிக்கப்பட்டான், தோற்றான். இப்போது மத்தேயுவை வரிசையாகப் பாருங்கள். இயேசு எகிப்திலிருந்து வருகிறார், 3-ம் அதிகாரத்தில் யோர்தானில் இறங்குகிறார், "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்ற சத்தம் கேட்கிறது, 4-ம் அதிகாரத்தில் 40 நாள் வனாந்தரம். அங்கே சோதனைக்காரனுக்கு அவர் சொல்கிற மூன்று பதிலும் உபாகமத்திலிருந்து, அதுவும் 6, 8 அதிகாரங்களிலிருந்து, அதாவது இஸ்ரவேல் வனாந்தரத்தில் தவறியதை மோசே நினைவுபடுத்துகிற அதே பகுதிகளிலிருந்து வருகிறது. முதல் பிள்ளை தவறிய இடங்களிலெல்லாம் இந்தக் குமாரன் போய் நிற்கிறார், தவறாமல் நிற்கிறார். மத்தேயு ஓசியாவைத் திறப்பது இந்தக் கதையைத் தொடங்கத்தான்.

ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதே சேலம்தான் கீழே தெரியும், ஏற ஏற இன்னும் அகலமாகத் தெரியும். மத்தேயு பார்ப்பது அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, அதே விடுதலை, இன்னும் உயரத்திலிருந்து.

நாகலூர் காபித்தோட்டம்:
டீச்சர், நான் கத்தோலிக்கன், இங்கே ஏற்காட்டில் எங்கள் பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளும் இதையே கேட்டிருக்கிறார்கள். மேலே எழுதிய நண்பரோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஆனால் அவர் தொடாத ஒன்று இருக்கிறது. ஓசேயா 11-ஐ எட்டாம் வசனம் வரை வாசிக்காமல் விடவே கூடாது. எப்ராயிமுக்கு, அதாவது இஸ்ரவேலுக்கு, நடை பழக்கினேன், கையில் ஏந்தினேன், அன்புக் கயிறுகளால் இழுத்தேன் என்று கடவுள் பேசிக்கொண்டே வருகிறார், பிள்ளை கேட்கவில்லை, அசீரியன் வரப்போகிறான். தண்டித்தே தீர வேண்டிய இடத்தில் வந்து நின்றுகொண்டு, உன்னை நான் எப்படிக் கைவிடுவேன் என்று தவிக்கிறார். திருநூலில் கடவுள் இப்படித் தமக்குள்ளேயே போராடுகிற இடம் அதிகம் இல்லை. ஓசேயா இதை எங்கோ உட்கார்ந்து யோசித்து எழுதவும் இல்லை, விட்டுப்போன மனைவியை 15 வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டுக் கூட்டிவந்த மனிதர் அவர் (3-ம் அதிகாரம்).

ஏரோது ராஜா பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்றதைச் சொல்லி மத்தேயு அடுத்து 2:18-ல் எடுக்கிறது எரேமியா 31:15, ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிற வசனம். அதுவும் பெத்லகேமைப் பற்றி எழுதப்பட்டது இல்லை, நாடுகடத்தப்பட்டவர்களுக்கான அழுகை. ஆனால் அதே அதிகாரத்தின் 3-ம் வசனம் முடிவில்லாத அன்பைச் சொல்கிறது, 31-ம் வசனத்தில் புதிய உடன்படிக்கை வருகிறது. மத்தேயு ஒரு வரியைத் தொட்டால் முழு அதிகாரமும் கூடவே வருகிறது. ஒரு தகப்பன் பிள்ளையை விடமாட்டேன் என்று சொன்ன அதிகாரங்களாகப் பார்த்து அவர் எடுக்கிறார், அதுதான் எனக்கு மெசியா பற்றிய இறைவாக்கின் உயிர்.

செவ்வாய்ப்பேட்டை:
நல்ல பதில்கள். ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன், டீச்சர். யூதர்கள் இதே பகுதிகளை வேறு மாதிரி வாசிக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நாம் இயேசு என்று வாசிக்கிற, ஏசாயா 53-ல் பாடுபடுகிற தாசன் இஸ்ரவேல் ஜனம்தான் என்று 11-ம் நூற்றாண்டில் யூத வேத விளக்க ஆசிரியர் ராஷி எழுதினார். அதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை, ஏசாயா 49:3-ல் "இஸ்ரவேலே, நீ என் தாசன்" என்றே இருக்கிறது. ஆனால் 49:6-ல் அந்தத் தாசனே இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவர அனுப்பப்படுகிறான், அங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பிய மந்திரி பிலிப்புவிடம் கேட்டது இதைத்தானே, தீர்க்கதரிசி யாரைக் குறித்துச் சொல்கிறார், தன்னைக் குறித்தா, வேறொருவரைக் குறித்தா? பிலிப்பு அவரைத் திட்டவில்லை, ரதத்தில் ஏறி உட்கார்ந்து அந்த வேதவாக்கியத்திலிருந்தே தொடங்கினார். காலேஜ் போய் யாரோ இணையத்தில் சொல்லித்தான் இது தெரியவேண்டும் என்றால், பிள்ளைகள் நம்மை நம்பமாட்டார்கள். இத்தனை தீர்க்கதரிசனம் நிறைவேற இத்தனை கோடியில் ஒரு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், இந்த வசனத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது.

அஸ்தம்பட்டி டீச்சர்:
மூன்று பேருக்கும் மிக்க நன்றி. நாகலூர் அண்ணா சொன்னதை வாசித்துவிட்டு ஓசியா 11-ஐ நேற்று ராத்திரி முழுசாகப் படித்தேன், எட்டாம் வசனத்துக்கு மேல் போக முடியவில்லை. ஆனால் ராகேல் வசனத்தைச் சொன்னால் அந்தப் பையன் அடுத்து என்ன கேட்பான் என்று இப்போதே தெரிகிறது. இந்த ஒரு குழந்தை தப்பித்தது, பெத்லகேமில் மற்றக் குழந்தைகளை ஏரோது கொன்றானே, அந்த அன்பு அவர்களுக்கு இல்லையா?

நாகலூர் காபித்தோட்டம்:
கேட்கட்டும், டீச்சர். கேட்க வேண்டிய கேள்விதான், அதற்குச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை. மத்தேயுவும் அங்கே எந்த விளக்கமும் சொல்லாமல், ஆறுதல் அடையாத ஒரு தாயின் அழுகையை அப்படியே வைத்துவிட்டுப் போகிறார். நான் வகுப்பில் செய்வது ஒன்றுதான். அன்று தப்பிய குழந்தை கடைசிவரை தப்பித்துக்கொண்டே இருக்கவில்லை, எருசலேமுக்குத் தாமே நடந்து போனார், அங்கே அவரைக் காப்பாற்றக் கனவில் ஒரு தூதரும் வரவில்லை என்று காட்டுவேன். மத்தேயு 2 முடிந்த கையோடு 26-ம் அதிகாரத்தில் கெத்சமனியை, பிடிபடுவதற்கு முன் இயேசு ஜெபித்த இடத்தை, வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் திருச்சபையில் டிசம்பர் 28 அந்த மாசில்லாக் குழந்தைகளின் நாள், கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றே நாளில் வரும். உங்கள் வகுப்பு அந்த வாரம் இருந்தால் இந்தக் கேள்வியை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் ஓசேயாவுக்கு மட்டும் ஒரு முழு ஞாயிறு ஒதுக்குங்கள், ஒரே வகுப்பில் இரண்டையும் முடிக்க முடியாது.