புதுப்பிப்பு: கல்லடி சுவிட்சில் கார்ட் தானாக ரீசெட் ஆனதன் காரணம்

மட்டக்களப்பு கல்லடியில் நாங்கள் பராமரிக்கும் பெரிய நெட்வொர்க் சுவிட்சில் ஒரு லைன் கார்ட் (கேபிள் செருகும் போர்ட்கள் உள்ள, கழற்றி மாட்டும் பலகை) மட்டும் அடிக்கடி ரீசெட் ஆகிறது என்று போன கிழமை எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

ஒவ்வொரு லைன் கார்டிலும் தனி ப்ராசஸர் உண்டு. அது, சுவிட்ச் முழுவதையும் கட்டுப்படுத்தும் மெயின் கார்டின் ப்ராசஸரோடு பேசுவது நம் டேட்டா போகும் பாதையில் இல்லை. கார்டுகள் எல்லாம் செருகப்படும் பின்பலகையான பேக்பிளேனில் அதற்கென்றே தனி ஈதர்நெட் வழி இருக்கிறது. ‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற சிறு செய்தி அதில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தொடர்ந்து சில செய்திகள் தவறினால் மெயின் கார்ட் அந்த லைன் கார்டை ரீசெட் செய்துவிடும். பழுது டேட்டா பாதையில் இல்லாமல் இந்தத் தனி வழியில் இருந்ததால்தான் போர்ட்களில் ஒரு பிழைகூடக் காட்டவில்லை.

கார்டைக் கழற்றினால் பேக்பிளேனில் செருகும் கனெக்டரின் ஓரப் பின்களில் பச்சையாக அரிப்புப் படிந்திருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்! சுத்தம் செய்தபின் ரீசெட் இல்லை. ஆனாலும் பூச்சுப் போன பின்கள் மறுபடி அரிபடும், அதனால் புதுக் கார்டுக்குச் சொல்லிவிட்டோம்.